வெங்கன் கிராமத்துல தங்கி ஆல்ப்ஸ்ல நடக்கலாம் வாங்க: முதல் தடவை போறவங்களுக்கு

சுவிஸ் டூர் போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் யுங்ஃப்ராவ்யோஹ் வரைக்கும் ரயில்ல ஏறி, 3,454 மீட்டர் உயரத்துல பனியில நின்னு போட்டோ எடுத்துட்டு, அன்னிக்கு சாயங்காலமே அடுத்த ஊருக்கு பஸ் ஏறிடுறாங்க. அந்த ரயில் ஜன்னல்ல பச்சைப் பசேல்னு ஒரு சரிவு ஓடும், நடுவுல ஒத்தையடிப் பாதை ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு போகும், அதுல ரெண்டு பேர் பையை மாட்டிக்கிட்டு நடந்து போவாங்க. அந்த ரெண்டு பேரா நீங்க இருக்கணும்ங்குறதுக்குத்தான் இந்தப் பதிவு. இதுக்கு மலையேறத் தெரியணும்னு அவசியமே இல்ல. ரெண்டு மூணு மணி நேரம் நடக்க முடிஞ்சா போதும், மத்தது எல்லாம் பிளானிங்தான். விசா, ஃப்ளைட்டு பத்தி நான் எழுதப் போறதில்ல, அதுக்கு வேற பதிவுகள் நிறைய இருக்கு.

ஸ்டெப் 1: தங்குற ஊர்

ஒரே ஊர்ல ஒரு வாரம் தங்குங்க, தினம் ஹோட்டல் மாத்தாதீங்க. என் சாய்ஸ் வெங்கன். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு மேல, 1,274 மீட்டர் உயரத்துல, மலையோட தோள்ல உக்காந்திருக்கிற கிராமம். கார் போக ரோடே கிடையாது, கீழ லாட்டர்புருன்னன்லேர்ந்து பல்சக்கர ரயில்ல கால் மணி நேரத்துல வந்துடலாம். அந்த லைன் 1893லேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கு. பக்கத்துப் பள்ளத்தாக்குல இருக்கிற கிரிண்டல்வால்ட் ஊர்ல கடை கண்ணி அதிகம், கூட்டமும் அதிகம். எதிர்ப்பக்கம் இருக்கிற மியூரனும் அருமையான ஊர்தான், ஆனா முதல் தடவை போறவங்களுக்கு வெங்கன்லேர்ந்து ரயில், கேபிள் கார் ரெண்டும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. அது ரொம்ப வசதி.

கீழ இன்டர்லாகன் ஊரோட ஓஸ்ட் (கிழக்கு) ஸ்டேஷன்ல ரயில் ஏறும்போது ஒண்ணு கவனிங்க. ஒரே ரயிலா நிக்கும், ஆனா ட்ஸ்வைலூட்ஷினன்ங்குற ஸ்டேஷன்ல ரெண்டா பிரிஞ்சு பாதி லாட்டர்புருன்னனுக்கும் பாதி கிரிண்டல்வால்டுக்கும் போயிடும். பெட்டியில எழுதியிருக்கிற ஊர் பேரைப் பாத்து ஏறுங்க.

ஹோட்டலை விட கிச்சன் இருக்கிற அபார்ட்மென்ட்தான் நமக்கு சரிப்படும். மலை மேல ஹோட்டல் சாப்பாடு விலை அதிகம், காய்கறி சாப்பிடுறவங்களுக்கு தினமும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு ரோஷ்டியும், மாக்கரோனியும் சீஸும் சேர்த்து செய்யுற ஆல்ப்ளர்மாக்ரோனனும்தான் மாறி மாறி வரும். ருசியாத்தான் இருக்கும், ஆனா நாலாவது நாள் ரசம் சாதத்துக்கு மனசு ஏங்கும். வழியில பெர்ன்ல இறங்குனா ஈழத்தமிழர் கடைகள் இருக்கு, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் அங்கயே வாங்கிடுங்க. பால், தயிர், பிரெட், பழத்துக்கு வெங்கன் ஸ்டேஷன் பக்கத்துலயே கூப் சூப்பர்மார்க்கெட் இருக்கு.

ஸ்டெப் 2: எப்போ போறது

ஜூன் கடைசிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும். 2,000 மீட்டருக்கு மேல ஜூன் பாதி வரைக்கும்கூட பனி கிடக்கும், பாதை மூடியிருக்கும், அதனால மே மாசம் ஸ்கூல் லீவுல போய் நடக்கலாம்னு பிளான் போடாதீங்க, கீழ பள்ளத்தாக்குல மட்டும்தான் நடக்க முடியும். பூ பாக்கணும்னா ஜூலை. எனக்குப் பிடிச்சது செப்டம்பர் முதல் ரெண்டு வாரம். கூட்டம் குறைஞ்சிருக்கும், மத்தியான இடி மழையும் ஜூலை ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. ஆகஸ்ட் 1 அவங்க தேசிய நாள், அன்னிக்கு கடை லீவா இருக்கலாம், முந்தின நாளே சாமான் வாங்கி வச்சிடுங்க.

ஸ்டெப் 3: ஷூவும் துணியும்

ஷூ மட்டும் காசு பாக்காம வாங்குங்க. அடிப்பாகம் நல்லா பல்லு பல்லா இருக்கணும், வழக்கமா போடுறதை விட அரை சைஸ் பெருசா இருக்கணும், ஏன்னா இறக்கத்துல கால் முன்னாடி சரிஞ்சு விரல் நகம் போய் ஷூவுல இடிச்சுக்கிட்டே இருக்கும். சாயங்கால நேரத்துல, போடப் போற சாக்ஸை மாட்டிக்கிட்டு கடைக்குப் போய்ப் பாருங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் அதையே போட்டு நடந்து பழக்குங்க. டெகாத்லான்ல கெச்சுவா மாடல்களே ஆரம்பத்துக்கு தாராளம், அதை விட விலை கூடினது இந்த லெவல் நடைக்குத் தேவையில்ல.

ஜீன்ஸ் வேண்டாம், காட்டன் டீஷர்ட்டும் வேண்டாம். வேர்வையில நனைஞ்சா காயாது, மேல காத்து அடிச்சா உடம்பு வெடவெடன்னு நடுங்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சுமாரா 6 டிகிரி குளிர் கூடும், வெங்கன்ல அரைக்கை போட்டுக்கிட்டு கிளம்புனாலும் மேல போனா ஸ்வெட்டர் தேடுவீங்க. மழைக்கு குடை உதவாது, ஜாக்கெட்தான். சன்ஸ்க்ரீன் கண்டிப்பா, "நம்ம தோலுக்கு எதுக்கு"ன்னு விட்டுடாதீங்க. 1,000 மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் புற ஊதாக்கதிர் கூடுது, குளிர்ச்சியா இருக்கிறதால சுடுறதே தெரியாது, ராத்திரிதான் மூக்கும் பின்கழுத்தும் எரியும்.

வாக்கிங் ஸ்டிக் ரெண்டு வாங்கிக்கோங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு. ஏத்தத்துக்கு இல்லன்னாலும் இறக்கத்துக்கு வேணும்.

ஸ்டெப் 4: போன்ல மூணு ஆப்

கூகுள் மேப்ஸை நகரத்தோட நிறுத்திக்கோங்க. மலைப்பாதைக்கு ஸ்விஸ்டோப்போ ஆப்தான், அது சுவிஸ் அரசாங்கத்தோட நில அளவைத் துறை போடுறது, ஃப்ரீ. நடைபாதை லேயரை ஆன் பண்ணா எந்தப் பாதை எந்த ரகம்னு கலர்ல காட்டும், மூடியிருக்கிற பாதையும் தெரியும், மேப்பை டவுன்லோட் பண்ணி வச்சா சிக்னல் இல்லன்னாலும் ஓடும். ரயில், கேபிள் கார் நேரத்துக்கு சுவிஸ் ரயில்வேயோட எஸ்பிபி (SBB) ஆப். வானிலைக்கு மீட்டியோசுவிஸ் ஆப். போனோடயே வர்ற வானிலை ஆப்பை நம்பாதீங்க, அது காட்டுறது பெரும்பாலும் பள்ளத்தாக்கு நிலவரம். இது தவிர காலையில எந்திரிச்சதும் மேல இருக்கிற ஸ்டேஷன்களோட வெப்கேம் பாருங்க, கீழ மூட்டமா இருக்கும்போது மேல பளிச்னு வெயில் அடிக்கிறது சகஜம்.

ஸ்டெப் 5: மஞ்சள் போர்டு படிக்கிறது

எல்லாரும் தடுமாறுற இடம் இதுதான், அதனால நிதானமா சொல்றேன்.

ஒவ்வொரு பாதை சந்திப்புலயும் ஒரு கம்பம், அதுல அம்பு மாதிரி மஞ்சள் பலகைகள். கம்பத்துல வெள்ளைப் பட்டையில நீங்க நிக்கிற இடத்தோட பேரும் உயரமும் இருக்கும். அம்புல ஊர் பேருக்கு எதிர்ல ஒரு நம்பர் இருக்கும், அது கிலோமீட்டர் இல்ல, நேரம். முழுக்க மஞ்சளா இருந்தா சாதாரண நடைபாதை, குழந்தைங்களோட போகலாம். அம்போட முனையில வெள்ளை-சிவப்பு-வெள்ளை பட்டை இருந்தா மலைப்பாதை, செங்குத்தா குறுகலா இருக்கும், நல்ல ஷூ வேணும், தலைசுத்தல் இருக்கக் கூடாது. பலகையே நீலமா, வெள்ளை-நீலம்-வெள்ளை முனையோட இருந்தா அது பனி, பாறை எல்லாம் தாண்டத் தெரிஞ்சவங்களுக்கு, அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். வழி நெடுக பாறையிலயும் மரத்துலயும் இதே கலர்ல பெயின்ட் அடிச்சிருப்பாங்க, ரொம்ப நேரமா பெயின்டே கண்ணுல படலன்னா கடைசியா பாத்த இடத்துக்குத் திரும்பிடுங்க.

இப்போ அந்த நேரம். போர்டுல போட்டிருக்கிறது நிக்காம நடக்குற நேரம். போட்டோ, சாப்பாடு, குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டுறது எதுவும் அதுல சேராது. நம்ம குடும்பத்தோட போகும்போது நான் பாதிக்குப் பாதி கூட்டிப்பேன், ரெண்டு மணி நேரம்னு இருந்தா மூணு மணி நேரம்.

தூரத்தை மட்டும் பாத்து முடிவு பண்றதுலதான் பெரிய ஆபத்து. மேப்ல வெங்கனும் அதுக்கு மேல இருக்கிற மென்லிஷனும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், கேபிள் கார்ல அஞ்சே நிமிஷம். ஆனா உயரம் சுமார் 950 மீட்டர் வித்தியாசம், நடந்து ஏறுனா 300 மாடி கட்டடத்துக்குப் படி ஏறுற மாதிரி. அதுக்கு சுவிஸ்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க: 100 மீட்டர் ஏத்தத்தை 1 கிலோமீட்டர் சமதரையா எடுத்துக்கணும். 6 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏத்தம்னா அது 12 கிலோமீட்டர் நடைக்குச் சமம், மணிக்கு 4 கிலோமீட்டர்னு வச்சா 3 மணி நேரம். ராத்திரி மேப்பை வச்சுக்கிட்டு இந்தக் கணக்கைப் போட்டுட்டுத் தூங்குங்க.

அடுத்தது, பின்னாடிலேர்ந்து பிளான் போடணும். ஜூலையில ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனா கேபிள் கார் சாயங்காலமே நின்னுடும். வெளிச்சம் இருக்கேன்னு உக்காந்துட்டா கடைசி வண்டி போயிடும், அப்புறம் முழு மலையையும் நடந்துதான் இறங்கணும். அதனால கடைசி வண்டி நேரத்தை முதல்ல எழுதுங்க, அதுலேர்ந்து ஒரு மணி நேரம் கழிங்க, அதுலேர்ந்து நடை நேரத்தைக் கழிங்க, அப்போ வர்றதுதான் நீங்க கிளம்ப வேண்டிய நேரம். கோடையில மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வர்றதால எப்படியும் காலையிலயே கிளம்புறது நல்லது.

ஸ்டெப் 6: எந்த நடை முதல்ல

முதல் நாள் கீழ பள்ளத்தாக்கு. லாட்டர்புருன்னன்லேர்ந்து ஸ்டெஷல்பெர்க் பக்கமா ஆத்தோரமா சமதரையில போற பாதை. ஊர் எல்லையிலயே ஸ்டௌப்பாஹ் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்துலேர்ந்து விழும், விழுறது கடைசியில தண்ணியா இல்லாம புகையா காத்துல பறக்கும். பாதி வழியில ட்ரும்மல்பாஹ் அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ்னு மூணு மலையோட பனியாறு உருகின தண்ணி பாறைக்குள்ளயே குடைஞ்சுக்கிட்டு விழுது, நொடிக்கு 20,000 லிட்டர் வரைக்கும். கிட்டப் போனா பேசுறது கேக்காது, கையால கம்பியைப் பிடிச்சா அதிர்றது தெரியும். 4 வயசுக்குக் கீழ குழந்தைங்களை உள்ள விட மாட்டாங்க.

ரெண்டாவது நாள் எதிர்ப்பக்கம் க்ரூட்ஷ்ஆல்ப்லேர்ந்து மியூரன் வரைக்கும். லாட்டர்புருன்னன் ஸ்டேஷனுக்கு எதிர்லயே கேபிள் கார். பாதை ரயில் லைன் ஓரமாவே போகும், நடுவுல வின்டரெக்ல நிறுத்தம் இருக்கு, முடியலன்னா அங்க ரயில் ஏறிக்கலாம். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதை விட நல்ல நடை இந்தப் பக்கத்துல இல்ல.

மூணாவது நாள் மென்லிஷன்லேர்ந்து க்ளைன ஷைடெக், அது ரயில் ஸ்டேஷன் இருக்கிற ஒரு கணவாய். கேபிள் கார்ல ஏறிடுங்க, அங்கேர்ந்து சுமார் 4.5 கிலோமீட்டர், போர்டு நேரம் ஒன்றரை மணி வாக்குல, லேசான இறக்கம். இந்தத் திசையிலதான் போகணும், திருப்பிப் போகாதீங்க, ஏன்னா ஐகர் உங்க முகத்துக்கு நேரா வந்துக்கிட்டே இருக்கும். அந்த வடக்குச் சுவர் சுமார் 1,800 மீட்டர் உயரம், 1938லதான் முதல் தடவையா ஏறினாங்க. கிளம்பும்போது ஒரு கறுப்பு முக்கோணமா தெரியும், கடைசி வளைவு திரும்பும்போது அதோட வெடிப்பு, பனிக்கோடு எல்லாம் தனித்தனியா தெரியும். க்ளைன ஷைடெக்லேர்ந்து தெம்பு இருந்தா வெங்கர்ன்ஆல்ப் வரைக்கும் நடந்து இறங்கி அங்க ரயில் பிடிங்க. க்ளைன ஷைடெக்லயே ஏறுனா போர்டு பாருங்க, ஒரு ரயில் வெங்கன் பக்கம் இறங்கும், இன்னொண்ணு கிரிண்டல்வால்ட் பக்கம் இறங்கும்.

ஐகர் ட்ரெயிலை நாலாவது அஞ்சாவது நாளுக்கு வைங்க. ஐகர்க்ளெட்ஷர் ஸ்டேஷன் (2,320 மீட்டர்) டு ஆல்பிக்லன் (1,616 மீட்டர்), 6 கிலோமீட்டர், வெள்ளை-சிவப்பு-வெள்ளை பாதை. இறக்கம்தானேன்னு நிறைய பேர் முதல் நாளே போயிடுறாங்க, 700 மீட்டர் இறங்குனா தொடை முன்பக்கம் அப்படியே கல்லாயிடும், மறுநாள் படியில இறங்க முடியாது. சின்னச் சின்ன அடியா வைங்க, முட்டியை லேசா மடக்கியே வைங்க, ஸ்டிக்கை முன்னாடி ஊனிட்டு அப்புறம் காலை வைங்க.

மாடு, தண்ணி, எமர்ஜென்சி

பாதை மாட்டு மேய்ச்சல் வழியாத்தான் போகும். கழுத்து மணியோட நிக்கிற மாட்டைப் பாத்ததும் நம்ம ஊர் ஞாபகத்துல தடவிக்கொடுக்கப் போகாதீங்க, கன்னுக்குட்டியோட இருந்தா முட்ட வரும். தள்ளி, சத்தம் போடாம, ஓடாம கடந்து போங்க. வேலிக் கதவைத் திறந்தா மறுபடியும் மூடுங்க, கம்பியில கரண்ட் இருக்கலாம். கிராமத்துத் தொட்டிக் குழாய்ல தண்ணி பிடிச்சுக் குடிக்கலாம், குடிக்கக் கூடாதுன்னு போர்டு இருந்தா மட்டும் வேண்டாம். அவசரத்துக்கு 112, ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. ஹெலிகாப்டர்ல தூக்குனா பில் பெருசா வரும், டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது மலை மீட்பு அதுல கவர் ஆகுதான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.

அப்டேட்: சுவிஸ் டிராவல் பாஸ் (சுவிஸ் முழுக்க ரயில், பஸ்ல போக டூரிஸ்டுங்க வாங்குற பாஸ்) இருந்தா எல்லாமே ஃப்ரீயான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. வெங்கன் வரைக்கும், அந்தப் பக்கம் மியூரன் வரைக்கும் பாஸ்லயே போகலாம். வெங்கனுக்கு மேல க்ளைன ஷைடெக், மென்லிஷன் எல்லாம் தள்ளுபடி மட்டும்தான். ஒரே ஊர்ல தங்கி தினம் மேல ஏறி இறங்குறவங்களுக்கு டிக்கெட்டைப் பாதி விலைக்கு வாங்க உதவுற ஹாஃப் ஃபேர் கார்டு கணக்கு போட்டுப் பாருங்க, பல பேருக்கு அதுதான் லாபமா வருது.

இன்னொரு அப்டேட்: மழை பெஞ்சா ரூம்லயே இருக்கணுமான்னு ஒரு தோழி கேட்டாங்க. லேசான மழைன்னா ட்ரும்மல்பாஹ்வை அன்னிக்கு மாத்தி வைங்க, எப்படியும் பாறைக்குள்ளதான் நிக்கப் போறீங்க, தண்ணியும் அன்னிக்கு இன்னும் வேகமா வரும். இடியோட மழைன்னா எந்த நடையும் வேண்டாம், கிச்சன்ல சாதம் வைங்க, அடுத்த நாள் பாதையை ஆப்ல பாத்து வைங்க.