கருவேலம் பிசின்: எடுப்பதும் சுத்தம் செய்வதும்

காகிதம் ஒட்டவும், நீர்வண்ணம் குழைக்கவும், எழுதும் மைக்குப் பிடிப்புக் கொடுக்கவும் நாட்டுக் கருவேலம் பிசின் அருமையான பொருள். அதைச் சுத்தம் செய்வதில் முக்கால்வாசி வேலை மரத்தடியிலேயே முடிந்துவிட வேண்டும். மண்ணையும் தூசியையும் துணியில் வடித்துவிடலாம். பட்டையிலிருந்து தண்ணீரில் இறங்கும் துவர்ப்புச் சாயத்தை எந்தத் துணியும் பிடிக்காது.

முதலில் மரம். நாட்டுக் கருவேலம் மஞ்சள் பந்து போலப் பூக்கும்; அதன் காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை போலத் தொங்கும். சீமைக் கருவேலத்தின் பூ கதிர் போல நீண்டிருக்கும், காய் இடுக்கில்லாமல் இருக்கும். அதிலும் பிசின் வடியும், ஆனால் நிறம் கறுப்புத் தட்டும். கண்மாய்க்குள் நிற்பவை பெரும்பாலும் வனத்துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தம் என்பதால், கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

எடுத்தது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், பட்டாணி அளவு துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். கருவேலம் பிசின் கரைந்துவிடும். முருங்கைப் பிசினும் பாதாம் பிசினும் ஊதி, கூழ்போல நிற்கும். குங்கிலியம் போட்டபடியே கிடக்கும். அது தண்ணீரில் கரையும் சாதியே இல்லை.

பங்குனி, சித்திரை வெயிலில்தான் பிசின் நன்றாக வடியும். கிளை வெட்டிய இடம், பட்டை வெடித்த இடம், பூச்சி துளைத்த இடம் ஆகியவற்றைப் பாருங்கள். இதற்கென்று மரத்தை வெட்டிக் காயப்படுத்த வேண்டாம். வீட்டுத் தேவைக்குத் தானாக வடிவதே போதும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத உருண்டைதான் பக்குவம். விழுந்தால் இன்னும் சில நாள் விட்டுவிடுங்கள். ஆனால் கோடை மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும், மழை பெய்தால் கரைந்து பட்டையோடு ஓடிவிடும். பனி ஈரம் காய்ந்த பிறகு போங்கள். உருண்டையைக் கத்தியால் நெம்பாமல் விரலால் திருகி எடுத்தால் பட்டை ஒட்டி வராது. ஓலைப்பெட்டியிலோ துணிப்பையிலோ போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து, எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரியுங்கள். தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிவது முதல் தரம். கருஞ்சிவப்பைத் தனியே வையுங்கள், ஒட்டும் வேலைக்கு அது போதும். பட்டை ஒட்டியிருக்கும் பகுதியைத் தட்டி உடைத்து எறியுங்கள். இந்த இடத்தில் சோம்பினால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

200 கிராம் பிசினைப் பட்டாணி அளவுக்கு உடையுங்கள். மாவாக இடித்தால் தண்ணீர் பட்டதும் வெளிப்புறம் வழுவழுப்பாகி, உள்ளே உலர்ந்த மாவு கட்டிகட்டியாக மாட்டிக்கொள்ளும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 600 மில்லியில், எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரத்தில் இரவு ஊறட்டும். இரும்புச் சட்டி ஆகவே ஆகாது. இரும்பும் கருவேலத் துவர்ப்பும் சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். காலையில் மரக்கரண்டியால் கிளறுங்கள். கரையாமல் நின்றால், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்துக் கிளறலாம். அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிட்டால் நிறம் கறுக்கும், ஒட்டும் வலுவும் குறையும்.

முதலில் டீ வடிகட்டி, அடுத்து இரண்டாக மடித்து நனைத்த மல் துணி. துணியைப் பிழியாதீர்கள், பிழிந்தால் நுண்மண் கூடவே இறங்கும். வடித்ததை மூடி அரை நாள் அசையாமல் வைத்து, அடியில் வண்டல் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். வெயில் காலத்தில் அதற்கு மேல் வைத்தால் புளிக்கத் தொடங்கிவிடும்.

ஒன்றேகால் அடித் தாம்பாளம் மூன்றில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரித்து, 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுங்கள். மேலே மெல்லிய துணி கட்டி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கனமாக ஊற்றினால் மேலே ஆடை கட்டி உள்ளே பூசணம் பிடிக்கும். காய்ந்ததும் தானாக வெடித்து, தாளை விட்டு எழும்பும். வளையாமல் சட்டென்று ஒடிந்தால் ஈரமில்லை என்று அர்த்தம். கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

பசைக்கு இதில் 50 கிராமை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, ஒரு டீஸ்பூன் தேனும் இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலமும் சேருங்கள். தேன் இல்லாவிட்டால் ஒட்டிய காகிதத்தில் பசை காய்ந்து நொறுங்கும். தைலம் இல்லாவிட்டால் மூன்று நான்கு நாளில் புளித்த வாடை வரும். பூசணத்துக்கு என்று வெங்காரம் (போராக்ஸ்) மட்டும் போட்டுவிடாதீர்கள், பசை முழுவதும் கூழாக உறைந்துவிடும். ஈரம் படும் இடத்துக்கும், எடை தாங்கும் மர இணைப்புக்கும் இந்தப் பசை உதவாது.