பாதியில விட்ட ஒட்டுத்தையல் போர்வையைத் திரும்ப எடுக்கப் போறீங்களா? இந்தப் பிழையளை விடாதேங்கோ

விதைப்பு முடிஞ்சு மாரி மழை இறுகிற நேரம்தான் வன்னியில கனபேருக்கு வீட்டுக்குள்ள கொஞ்சம் ஆறி இருக்கக் கிடைக்கும், அப்பதான் றங்குப்பெட்டிக்குள்ளயும் அலுமாரிக்கு மேலயும் உரப்பையில கட்டியும் கிடந்த அரைகுறைத் தையல் எல்லாம் வெளியில வரும். துண்டு துண்டாப் பொருத்திப் பாதியில நிண்ட போர்வை, பூ ஒரு பக்கம் மட்டும் போட்ட தலகணி உறை, பிள்ளை பிறக்கப் போகுதெண்டு தொடங்கி அந்தப் பிள்ளை இப்ப ஓ.எல் எழுதிற வயசுக்கு வந்திட்ட கட்டில் விரிப்பு, இப்பிடி ஒவ்வொரு வீட்டிலயும் ஏதாவது கிடக்கும். இதுகளை முடிக்க வேணும் எண்டு ஆர் வெளிக்கிட்டாலும் எனக்குச் சரியான சந்தோசம். ஆனா கனபேர் விடுற முதல் பிழை, எந்த இடத்தில விட்டதோ அதே இடத்தில ஊசியைக் குத்தித் தைக்கத் தொடங்கிறதுதான். இடையில போன வருசத்துக்குள்ள துணி மாறியிருக்கும், நூல் இத்துப் போயிருக்கும், உங்கட கைப்பழக்கமும் மாறியிருக்கும். அதை ஒருக்காப் பாக்காமத் தைச்சா எவ்வளவு வடிவா முடிச்சாலும் முதல் தோய்ப்போட பிரியத் தொடங்கிடும்.

முதல்ல வெய்யில் எறிக்கிற ஒரு காலமை முத்தத்தில பாயை விரிச்சு முழுசையும் விரிச்சுப் போடுங்கோ. உதறுங்கோ, பூச்சி கிடந்தா விழட்டும். பிறகு ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சு வெளிச்சத்துக்கு நேர பாருங்கோ, வெள்ளிப்பூச்சி அரிச்ச இடம் எல்லாம் பொட்டுப் பொட்டாத் தெரியும். முக்கியமா மடிப்பு விழுந்த கோட்டைப் பாக்க வேணும், ஒரே மடிப்பில கனகாலம் கிடந்த பருத்தித் துணி அந்தக் கோட்டிலதான் முதல் முறியும், ரெண்டு பக்கமும் மெதுவா இழுத்துப் பாத்தா தெரியும். முறியிற துணியில தைக்கிறதால பிரயோசனம் இல்லை, அந்தத் துண்டை மாத்துங்கோ இல்லாட்டி பின்னால மெல்லிய துணி ஒண்டு வச்சுப் பிடிச்சுப் போட்டு மேல போங்கோ.

ஊசியைக் குத்தின படியே விட்டிருந்தா அது கறள் பிடிச்சிருக்கும். அதை அப்பிடியே துணிக்குள்ளால இழுத்தா கறள் முழுக்கத் துணியில பூசுப்படும், நூலை வெட்டிப் போட்டு வந்த பக்கத்தாலயே மெதுவாக் கழட்டுங்கோ. கறள் கறை இருந்தா உடன பிளீச்சுக்கு ஓடாதேங்கோ, குளோரின் பிளீச் கறள் கறையை இன்னும் இறுக்கிறதோட துணியையும் இத்துப் போகச் செய்யும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுக் கொஞ்ச நேரம் வெய்யில்ல வச்சு அலசினா கனக்கக் குறையும். சாயத் துணியெண்டா முதல்ல ஒரு மூலையில சோதிச்சுப் பாருங்கோ, தேசிக்காய் நிறத்தையும் எடுத்துப் போடும். பூ போடுற வட்டச் சட்டத்தையும் இறுக்கின படியே விட்டிருப்பினம், அந்த வளையத்தடம் ஊத்தையோட சேந்து நிக்கும், அதைச் சவர்க்காரத் தண்ணியில ஊறவிட்டு எடுத்த பிறகுதான் மிச்சப் பூவைத் தொட வேணும்.

நூலைப் பாக்காம விடுறதும் பெரிய பிழை. பெட்டிக்குள்ள கிடந்த பழைய நூல் நிறத்துக்குச் சரியாப் பொருந்துது எண்டு ஆசைப்பட்டு அதையே எடுப்பினம். ஒரு முழம் இழுத்து ரெண்டு கையாலயும் வெடுக்கெண்டு இழுத்துப் பாருங்கோ, ஒரு எதிர்ப்பும் இல்லாம அறுந்தா அந்த நூலால தைக்கிறது வீண் வேலை. அதுக்காகத் தடிச்ச பொலியெஸ்டர் நூலை வாங்கி மெலிஞ்ச பழைய வோயில் சீலையில இறுக்கித் தைக்கிறதும் சரிவராது, நூல் அறாது, சீலைதான் கிழியும். பழைய பருத்திக்குப் பருத்தி நூல்தான் நல்லம்.

கோடு கீறின துணியெண்டா, சுருக்கம் கிடக்கெண்டு எடுத்த உடன அயன் பண்ணாதேங்கோ. தண்ணியில போற நீல மார்க்கரால கீறின கோட்டைச் சூடு காட்டினா அது பிறகு போகாமலே நிக்கலாம், பழைய கறையும் அப்பிடித்தான். முதல்ல தண்ணி, பிறகுதான் சூடு. சூட்டில மறையிற பேனையால கீறுறவை கவனிக்க வேண்டியது இன்னொண்டு, அந்த மை உண்மையில போறேல்ல, நிறம் மட்டும்தான் மறையுது, கடும் குளிர் பட்டா திரும்பி வரும். வன்னியில அந்தக் குளிர் இல்லை, ஆனா போர்வையைக் கனடாவில இருக்கிற பிள்ளைக்குப் பாசல் போடுறீங்கள் எண்டா தை மாசி மாசத்தில அங்க போய் இறங்கேக்க கோடெல்லாம் தெளிவாத் தெரியக்கூடும்.

முடிக்கிறதுக்குத் துணி போதாமப் போறது எல்லாருக்கும் வாற பிரச்சினை. பழைய சீத்தை இப்ப கடையில இல்லை, அதால டவுனுக்குப் போய்க் கிட்டத்தட்ட அதே நிறத்தில புதுத்துணி எடுத்து அண்டைக்கே வெட்டித் தைச்சுப் போடுவினம். பழைய துணி எத்தினையோ தரம் தோய்ச்சுச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிஞ்சுது, புதுப் பருத்தி இன்னும் சுருங்கேல்ல, 100 சென்ரிமீற்றருக்கு 3 தொடக்கம் 5 சென்ரிமீற்றர் சுருங்கிறது சாதாரணம். ரெண்டையும் சேத்துத் தைச்சுத் தோய்ச்சா புதுத்துண்டு சுத்தியுள்ளதை எல்லாம் இழுத்துச் சுருக்கிப் போடும். புதுசைத் தோய்ச்சுக் காயவச்ச பிறகு வெட்டுங்கோ. சிவப்பு, மெரூன், கடும் நீலம் எண்டா துணி மூலையை நனைச்சு, வெள்ளைத் துண்டொண்டை மேல வச்சு அயன் பெட்டியால அழுத்திப் பாருங்கோ, வெள்ளையில நிறம் ஏறினா அது போர்வையிலயும் ஏறும். உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவிட்டா சாயம் நிக்கும் எண்டு சொல்லுறதை நம்பாதேங்கோ, இப்ப வாற துணிச் சாயங்களுக்கு அது சரிவராது. திரும்பத் திரும்ப அலசித் தண்ணி தெளிஞ்சாச் சரி, தெளியாட்டி அந்தத் துணியை விட்டிடுங்கோ.

கார்மெண்ட்ஸ் வெட்டுத்துண்டு இப்ப எங்கட பக்கம் கிடைக்கிறது நல்ல விசயம், ஆனா அதில பாதி இழுபடுற டீசேட் துணி. அதையும் சீலைத்துணியையும் பக்கத்தில பக்கத்தில வச்சா ஒண்டு இழுபடும் ஒண்டு இழுபடாது, முழுக்க அலையலையா நிக்கும். ஜோர்ஜெட், நைலெக்ஸ் சீலையும் அப்பிடித்தான், பருத்திக்கு வைக்கிற சூட்டில அது உருகிப் போடும். இழுபடுறதுகளைச் சேத்து வேறயா ஒண்டு தையுங்கோ.

இன்னொண்டு மூட்டு அளவு, அதுதான் ரெண்டு துண்டைச் சேத்துத் தைக்கேக்க தையலுக்கு வெளியால கரையில விடுற துணி. வழமையா ஒட்டுத்தையலுக்கு கால் இஞ்சி விடுறது, ஆனா நீங்கள் அப்ப எவ்வளவு விட்டனீங்கள் எண்டு பழைய மூட்டைப் பிரட்டிப் பின்பக்கத்தை அளந்து பாக்க வேணும். ஒரு மூட்டில 2 மில்லிமீற்றர் பிசகினா 12 மூட்டு உள்ள வரிசையில 24 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு இஞ்சி. பிறகு இழுத்துப் பொருத்த வேண்டி வரும். பழைய அளவு பிழையா இருந்தாலும் அதே பிழை அளவையே பிடியுங்கோ, ஒண்டோட ஒண்டு பொருந்தினாத்தான் வேலை.

மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவுக்கு வைக்கிற பஞ்சிலதான் எங்கட ஆக்களின்ர போர்வை கனக்கப் பழுதாப் போறது. குயில்ட் எண்ட இப்பிடி அடுக்கித் தைக்கிற போர்வைக்கெண்டு விரிப்பா வாற பஞ்சு எங்கட பக்கக் கடையளில லேசில கிடையாது, அதால பழைய தலகணியை உடைச்சு இலவம் பஞ்சை உள்ளுக்குப் பரவி விடுவினம். அது ரெண்டு தோய்ப்புக்குள்ள மூலையில போய்க் கட்டியாத் திரளும். அந்தப் பஞ்சே வேண்டாம். பழைய நூல் சீலை ரெண்டு மூண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சாலே காணும், இல்லாட்டி தேய்ஞ்ச பருத்திப் பெட்சீட். வங்காளத்தில காந்தா எண்டு காலம் காலமா இப்பிடித்தான் தைக்கினம், பழைய சீலையை அடுக்கி, முழுக்க நூலோடி, சீலைக் கரையில இருந்து உருவின நூலாலயே பூ போட்டவை. எங்கட வெக்கைக்கும் அந்த மெல்லிசுதான் சரி, தடிச்ச பஞ்சுப் போர்வையை இஞ்ச ஆர் போர்க்கிறது.

எத்தினை அடுக்கு வச்சாலும் அதுகளை அசையாமப் பிடிக்கிற வேலையில பஞ்சிப்படாதேங்கோ. பாயில பின்துணியைச் சுருக்கமில்லாம இழுத்து விரிச்சு, மேல அடுக்கி, நடுவில இருந்து வெளிப்பக்கமா நீளத் தையலா நூலோட வேணும், ஒரு கோட்டுக்கும் மற்றக் கோட்டுக்கும் இடையில ஒரு கையகலத்துக்கு மேல இருக்கக்கூடாது. முந்தி ஓடின நூல் இருந்தாலும் நம்பாதேங்கோ, கிடந்த கிடையில அடுக்கு நழுவியிருக்கும், அதை எடுத்துப் போட்டுத் திரும்ப ஓடுங்கோ. தைக்கேக்கயும் நடுவில இருந்து வெளியால போங்கோ. ஓரத்தில இருந்து தொடங்கினா சுருக்கமெல்லாம் நடுவில வந்து நிக்கும். கர்நாடகத்தில உத்தர கன்னடப் பக்கம் ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் கவண்டி எண்டு தைப்பினம், அவை ஓரத்தில தொடங்கித்தான் சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவினம், ஆனா அவை துண்டுகளை முன்கூட்டிப் பொருத்தி வைக்கிறேல்ல, போகப் போக ஒவ்வொண்டா வச்சு மடிச்சுத் தைக்கிறதால அது சரிவரும். ஒரு பொருத்தும் போடாம வெறும் துண்டுகளாக் கிடக்கிற மூட்டை உங்களிட்ட இருந்தா அந்த முறையைப் பிடிக்கலாம், நான் அதைத்தான் சொல்லுவன்.

கையைப் பற்றி. வருசக்கணக்கா ஊசி பிடிக்காத கை முதல் நாள் ஒரு மாதிரித்தான் தைக்கும், அதை நல்ல துணியில பழகாதேங்கோ. அதே அடுக்கில சின்னத் துண்டொண்டு செய்து ரெண்டு பின்னேரம் அதில நூலோடிப் பாத்து, பழைய தையலின்ர நீளத்துக்குக் கிட்டவா வந்த பிறகு போர்வைக்கு வாங்கோ. தையல் சின்னனா இருக்க வேணும் எண்டு கட்டாயமில்லை, ஒரே அளவா இருக்க வேணும். இஞ்சிக்கு 6 வந்தாலே நல்ல வேலை. குயில்ட்டுக்கெண்டு பிட்வீன் எண்டு கட்டை ஊசி வரும், நம்பர் கூடக் கூட ஊசி சின்னன், பழக்கமில்லாட்டி 8 அல்லது 9 எடுங்கோ. நூலை 18 இஞ்சிக்கு மேல வெட்டாதேங்கோ, அடிக்கடி கோக்கப் பஞ்சிப்பட்டு நீளமா எடுத்தா அது முறுகி முடிச்சு விழுந்து, துணிக்குள்ளால போய்ப் போய் நைஞ்சும் போடும். இரவில கறுப்பில கறுப்பு நூல் தைக்க வேண்டாம், அதைப் பகலுக்கு வையுங்கோ. நாரி நோகும் வரைக்கும் இருந்து ஒரே நாளில முடிக்கப் பாக்கிற ஆக்கள்தான் அடுத்த நாள் திரும்பக் கட்டி மேல வைக்கிறது.

எல்லாத்தையும் முடிக்கத்தான் வேணும் எண்டும் இல்லை. 6 அடிக்கு 7 அடி எண்டு தொடங்கினது 9 கட்டத்தோட நிண்டா அதைச் சுத்தி ஒரு கரை போட்டுச் சின்ன விரிப்பா எடுங்கோ. விருப்பமில்லாமப் போனதை, தைக்க ஆசைப்படுற ஆருக்கும் குடுங்கோ.

ஆனா வன்னியில பாதியில நிண்ட தையல் எல்லாம் பஞ்சியில நிண்டதில்லை. 2008, 2009இல சாமானை எடுத்துக்கொண்டு இடம் இடமாப் போகேக்க மெசினை விட்டிட்டு துணிமூட்டையை மட்டும் கொண்டு போனவை இருக்கினம், தொடங்கின ஆள் இல்லாம தையல் மட்டும் மிஞ்சின வீடுகளும் இருக்கு. அப்பிடி அம்மாவோ அக்காவோ விட்டிட்டுப் போனதை முடிக்க எடுக்கிற ஆக்களிட்ட நான் கெஞ்சிக் கேக்கிறது ஒண்டுதான், அவையின்ர தையலைப் பிரிக்காதேங்கோ. கோணலா இருக்கு, தையல் பெரிசு எண்டு பிரிச்சு நேராக்க மனம் வரும். அந்தக் கோணல் அவாவின்ர கை, பிரிச்சா அது பிறகு கிடைக்காது. மிச்சத்தை உங்கட கையாலயே தையுங்கோ, அவாவைப் போலத் தைக்கப் பாக்காதேங்கோ, நூல் நிறத்தையும் வேணுமெண்டே கொஞ்சம் மாத்தினா எது ஆற்ற தையல் எண்டு பேரப்பிள்ளையளுக்கும் தெரியும். துணி இத்துப் போயிருந்தா அதைப் போர்வையாக்கிப் பாவிக்க நினைக்காதேங்கோ, தோய்ச்ச மெல்லிய பருத்தித் துணியில மேலால சின்னத் தையலாப் பிடிச்சு வச்சாக் காணும். கறையெல்லாம் எடுக்க வேணும் எண்டும் இல்லை. செம்மண் கறையை அப்பிடியே வச்சிருக்கிற ஒரு அக்காவைத் தெரியும், அதைத் தோய்க்கச் சொல்லி நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன். குத்தியிருந்த ஊசியை மட்டும் எடுத்து வேற சின்னப் பெட்டியில போட்டு வையுங்கோ, அது துணியில இருந்தா கறள் ஏறிக்கொண்டே இருக்கும்.

கடைசியாத் தோய்க்கிறதும் வைக்கிறதும். மாரியில தைச்சு முடிச்ச கையோட தோய்ச்சுப் போடாதேங்கோ, மூண்டு அடுக்கு அந்த ஈரக்காத்தில காயாது, உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சா கறுப்புப் புள்ளி போகாது. தைப்பொங்கலுக்குப் பிறகு வெய்யில் நிண்டு பிடிக்கேக்க பச்சைத் தண்ணியில, முறுக்காம, கல்லில அடிக்காம அமத்திப் பிழியுங்கோ. சோளகம் அடிக்கத் தொடங்கினா புழுதி, அதுக்கு முன்னம் முடிச்சிடுங்கோ. முள்ளுக்கம்பி வேலியில மட்டும் போட வேண்டாம், கிழியிறதோட கறளும் ஏறும், கொடியில ஒரு முனையில தூக்கினாலும் ஈரப் பாரத்துக்குத் தையல் அறும், பாயில விரிச்சோ ரெண்டு மூண்டு கொடிக்கு மேல பரவியோ காயவிடுங்கோ. கஞ்சி போட்டு வைக்காதேங்கோ, வெள்ளிப்பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. பொலித்தீன் பையும் உரப்பையும் வேண்டாம், ஈரம் உள்ளுக்க அடைபடும், பழைய பருத்தித் தலகணி உறையே காணும், காஞ்ச வேப்பமிலையைத் துணியில முடிஞ்சு பக்கத்தில வையுங்கோ, நேர துணியில பட்டா கறை பிடிக்கும். குழந்தைப் பிள்ளைக்குப் பாவிக்கிற துணிக்குள்ள நப்தலீன் பூச்சி உருண்டை போடவே கூடாது, ஜி6பிடி எண்ட பரம்பரைக் குறைபாடு உள்ள பிள்ளையளுக்கு அதில இருந்து வாற ஆவியே இரத்தச் சிவப்பணுவை உடைச்சு மஞ்சள் காமாலை வரைக்கும் கொண்டு போகும், தெரியாம முந்திப் போட்டிருந்தா நல்லாத் தோய்ச்சு வெய்யில்லயும் காத்திலயும் கன நாள் விட்டு, மணம் முழுக்கப் போன பிறகுதான் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டு போகலாம்.