ஆற்றில் கள ஆய்வு: மாணவர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணிக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ‘நல்ல கருவி இல்லையே’ என்றுதான் வருத்தப்படுகிறார்கள். கருவி சரியில்லாமல் கெட்ட ஆய்வை நான் அதிகம் பார்த்ததில்லை. எத்தனை மணிக்கு, எங்கே நின்று, எப்படித் தண்ணீர் எடுத்தோம் என்பதில் கவனம் தப்பிக் கெட்டவைதான் அதிகம்.

எங்கள் குழுவே ஒருமுறை விடியற்காலையில் நெல்லையில் உள்ள குறுக்குத்துறையில் தண்ணீர் எடுத்தது. பிறகு சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, ஆற்றின் கீழ்ப்போக்கில் சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிக்குப் போய்ப் பிற்பகல் 2 மணிக்கு எடுத்தது. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கூடுதலாக இருந்தது. ‘கீழே போகப் போக ஆறு சுத்தமாகிறது’ என்று பிள்ளைகள் எழுதிவிட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உண்மையில் வேறுபட்டது நேரம். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனை வெளிவிடும். இரவு முழுக்க அவையும் மீனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைச் செலவழிக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன் அளவு மிகக் குறைந்தும், பிற்பகலில் உயர்ந்தும் இருக்கும். இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஒரே நேரத்தில் எடுங்கள். வெப்பநிலையையும் கூடவே குறியுங்கள். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரை மி.கி. அளவுதான் தாங்கும்.

அடுத்தது பாட்டில். படித்துறை ஓரத்தில், பத்துப் பேர் கலக்கிவிட்ட சேற்றில் முக்கி எடுப்பது வழக்கமாகிவிட்டது. நீரோட்டத்தைப் பார்த்தபடி நின்று, காலில் கிளம்பிய கலங்கல் பின்னால் போகும்படி, மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே எடுக்க வேண்டும். ஆக்சிஜன் பார்க்கும் பாட்டிலை நீருக்குள்ளேயே மூடி, வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். ஆக்சிஜனைச் சோதிக்கும் மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் ஆசிரியர் கையுறை போட்டுக்கொண்டு கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பாட்டிலுக்குள் பழுப்பாகத் திரியும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று வைத்திருந்தால், வழியிலேயே அளவு மாறிவிடும்.

லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், பாட்டிலில் ஒட்டுங்கள். மூடிகள் மாறும்.

தெளிந்த தண்ணீரைக் கண்டதும் ‘குடிக்கலாம்’ என்று எழுதுவது எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. கிருமி கண்ணுக்குத் தெரியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் நீருக்கே, ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையக் கூடாது என்பதோடு, மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிபார்ம் கிருமிக்கும் வரம்பு வைத்திருக்கிறது. பள்ளிச் சோதனைப் பெட்டி காட்டும் ஒரு நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கல்லைப் புரட்டிப் பார்க்காமல் திரும்புவதும் தவறுதான். ஓட்டமுள்ள இடத்தில் உள்ளங்கை அளவு கல்லை மெல்லத் தூக்கினால், அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு, வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் படபடக்க ஒரு சின்னப் பூச்சி இருக்கும். மேஃபிளையின் இளம்பருவம் அது. அந்த இனத்தில் பல, கழிவு கலந்த நீரில் நிலைப்பதில்லை. செம்புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படலாம். பார்த்துவிட்டுக் கல்லை எடுத்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே வையுங்கள். அது அவற்றின் வீடு.

பாபநாசத்தில் பக்தர்கள் ஆற்றில் விட்டுப்போகும் துணிகளைக் கண்டதும் பிள்ளைகள் அள்ளத் தொடங்கிவிடுவார்கள். அள்ளுவதற்கு முன் எங்கே, எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

நெல்லையில் வெயில் அடிக்கும்போதே பொதிகை மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று கேட்காமல் யாரையும் இறக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. எங்கே ஆழம் என்று கரையில் துணி துவைக்கும் அக்காமார்களுக்குத் தெரியும். சாக்கடைத் தண்ணீர் எந்த நேரத்தில் வந்து கலக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியும். ‘அக்கா, இங்கே தண்ணி எப்போ நுரைக்கும்?’ என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பாட்டிலோடு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அந்தப் பதிலில் கிடைத்துவிடும்.