கைஜிபிஎஸ் வாங்கும்போதும் அமைக்கும்போதும் வள்ளக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சலிலோ முட்டத்திலோ விடியற்காலையில் இறங்கி அன்றைக்கே கரை சேரும் பைபர் வள்ளத்துக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு) கிடக்கும் இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். இருட்டிலும் மழை மூட்டத்திலும் கரைக்கு வழி காட்ட வேண்டும். கை நழுவினால் தொலைந்து போகக் கூடாது. இவ்வளவையும் சாதாரணக் கைஜிபிஎஸ் செய்துவிடும். கடலுக்கு உதவாத வசதிக்குக் காசு கொடுப்பது ஒரு தவறு. நல்ல கருவியையே வாங்கி, அமைப்பைச் சரிபார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோவது அதைவிடப் பெரிய தவறு. முதலாவதில் காசுதான் போகும்.

நீர் புகாததெல்லாம் மிதக்காது

பெட்டியில் ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று பொருள். அவ்வளவுதான். கார்மின் இட்ரெக்ஸ் வகைகளுக்கு இந்தத் தரம் உண்டு. ஆனால் அவை மலையேறுவோரை மனதில் வைத்துச் செய்தவை, கடலில் விழுந்தால் அடிக்குப் போய்விடும். அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ் 73, ஜிபிஎஸ்மேப் 79 வகைகள் மிதக்கும். விலை குறைவு என்று இட்ரெக்ஸ் எடுத்தால் மிதவைப் பை ஒன்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். பேட்டரியைப் போட்டு, பையில் வைத்து, வீட்டிலேயே வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அந்தப் பை கருவியைத் தாங்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி வள்ளத்துக்கு நல்லது. சார்ஜ் தீர்ந்தால் வேறு இரண்டைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். மெனுவில் பேட்டரி வகையைக் குறிப்பிட மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட். வகை மாறிக் கிடந்தால் திரையில் தெரியும் பேட்டரி அளவை நம்ப முடியாது. நிறைய மிச்சம் இருப்பதாகக் காட்டிவிட்டுச் சட்டென்று அணைந்துவிடவும் கூடும்.

தொடுதிரையைவிடப் பொத்தான் மேல். உப்புத் தண்ணீரும் மீன் வழுவழுப்பும் படிந்த விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக இணங்காது. கைபேசியை மட்டும் நம்புவதிலும் இதே சிக்கல்தான். உயரமானி, கேமரா போன்றவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு கடலில் பயன்படாது. மலிவு விலைக் கருவியில் வரும் வரைபடத்தில் கரைக்கோடு மேலோட்டமாக இருக்கும். ஆழமோ பாறையோ இருக்காது. ஆழம் காட்டும் கடல் வரைபடத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எல்லாக் கருவியும் அதை ஏற்காது என்பதால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கருவி வாங்கும்போது வெட்டவெளியில் வைத்து, செயற்கைக்கோள் கிடைத்தபின் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் உள்ள தேதியைக் காட்டும். கடைக்குள் நின்று சோதிப்பதிலும் பயனில்லை. கூரைக்கடியில் சிக்னல் வராது. டெமோ நிலையில் விட்டிருந்தால் ஏதோ ஓர் இடத்தை உறுதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அதை நிறுத்திவிட்டு வாங்குங்கள்.

வளைகுடாவில் இருக்கும் உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்மின் இன்ரீச் அந்த வகையைச் சேர்ந்தது. அனுமதியில்லாமல் அத்தகைய கருவியை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

பாயிண்ட் தப்பிப்போவது ஏன்?

கருவியில் எண்களாகக் குறித்து வைக்கும் இடத்தைத்தான் பாயிண்ட் என்கிறோம். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியைத் தசமமாக, டிகிரியும் தசம மினிட்டுமாக, டிகிரி, மினிட், செகண்டாக. ஒருவர் 8 டிகிரி 05.50 மினிட் என்று சொல்கிறார். உங்கள் கருவி செகண்ட் முறையில் கிடக்க, நீங்கள் 8 டிகிரி 05 மினிட் 50 செகண்ட் என்று ஏற்றுகிறீர்கள். 50 செகண்ட் என்பது 0.83 மினிட். வித்தியாசம் மூன்றில் ஒரு மினிட், அதாவது 600 மீட்டருக்கு மேல். வள்ளம் பாரை விட்டு அவ்வளவு தூரம் தள்ளி நிற்கும். "அவன் தந்த பாயிண்ட் பொய்" என்று சண்டை வருவதில் பாதி இப்படித்தான் இருக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் வெளியிடும் மீன்வளப் பகுதி (மீன் கூடும் வாய்ப்புள்ள இடம்) அறிவிப்பில் இடம் டிகிரி, மினிட், செகண்டில் வரும். இறங்குதளத்திலிருந்து தூரம் கிலோமீட்டரில் வரும். வள்ளக்காரர்கள் பேசிக்கொள்வதோ கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அறிவிப்பில் 40 என்று இருப்பதைக் கடல் மைலாக எடுத்துக்கொண்டால் 74 கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்கான மண்ணெண்ணெயை யோசித்துப் பாருங்கள். பாயிண்டைப் பிறருக்குக் கொடுக்கும்போது முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "தசம மினிட்" அல்லது "செகண்ட்". அறிவிப்பை ஏற்றும்போது மட்டும் செகண்ட் முறைக்கு மாற்றி, ஏற்றியபின் பழைய முறைக்குத் திருப்பினால், கருவியே மாற்றி எழுதிக்கொள்ளும்.

மெனுவில் மேப் டேட்டம் (இட எண்களைக் கணக்கிடும் அடிப்படை முறை) என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்க வேண்டும். யாரோ இந்திய எவரெஸ்ட் முறைக்கு மாற்றியிருந்தால் எல்லாப் பாயிண்டும் நூறு மீட்டருக்கு மேல் ஒரே பக்கமாக நகர்ந்து தெரியும்.

குறிக்கும்போதும் தவறு நடக்கிறது. நாற்பது மீட்டர் ஆழத்தில் 120 மீட்டர் கயிறு விட்டு நங்கூரம் போட்டால், நீரோட்டத்தில் இழுபட்டு வள்ளம் நங்கூரத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். எனவே நங்கூரம் போட்ட இடத்தையும் மீன் பட்ட இடத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். பலமுறை அளந்து சராசரி எடுக்கும் வசதி கரையில் அசையாமல் நிற்பதற்குத்தான். நீரோட்டத்தோடு ஒழுகிப்போகும் வள்ளத்தில் அதைப் போட்டால் ஒழுகிய பாதையின் நடுப்புள்ளிதான் கிடைக்கும்.

நேர்கோட்டை நம்பக் கூடாது

சின்னமுட்டத்தில் நின்றுகொண்டு குளச்சலுக்கு 'கோ டு' (இலக்குக்கு நேர்வழி காட்டும் வசதி) போட்டால், கோடு குமரி முனையைத் தரைவழியாக வெட்டிப் போகும். கருவிக்குக் கரையும் தெரியாது, விவேகானந்தர் பாறையைச் சுற்றியுள்ள பாறைகளும் தெரியாது. முனைக்குத் தெற்கே பாதுகாப்பான நீரில் இரண்டு மூன்று பாயிண்ட் போட்டு, அவற்றைக் கோத்து வழியாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

துறைமுக வாயில் இன்னும் ஆபத்தான இடம். தேங்காய்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அங்கே வள்ளம் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. போன மாதம் பதிந்த பாதை இன்றைக்கு மணல் மேட்டின் மேலேயே போகலாம். வாயிலுக்கு வெளியே ஒரு பாயிண்ட் வைத்து அதுவரை கருவியைப் பாருங்கள். அதன்பின் அலை உடைவதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. வள்ளம் ஓடும்போதுதான் திசை சரியாகக் காட்டும். நின்றால் அம்பு சுற்றும். கருவி பழுது என்று நினைத்துவிடாமல், சற்று தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்று வள்ளத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஜிபிஎஸ் யாருக்கும் செய்தி சொல்லாது

கைஜிபிஎஸ் சிக்னலை வாங்கும், அனுப்பாது. அது பையில் இருப்பதாலேயே கடலோரக் காவல்படைக்கு உங்கள் இடம் தெரிந்துவிடும் என்று வீட்டார் நம்பியிருப்பது வேதனை தரும் தவறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டம் இழந்தவர்களை நினைத்தால், இதில் அலட்சியம் கூடாது. உதவி கேட்க விஎச்எஃப் வயர்லெஸ், சேனல் 16, அல்லது மீன்வளத்துறை வழங்கும் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாக இடத்தையும் செய்தியையும் அனுப்பும் கருவி) வேண்டும். கைபேசி சிக்னல் இருக்கும் தூரத்தில் 1554-ஐ அழைக்கலாம். ஜிபிஎஸ்ஸின் வேலை, நீங்கள் சொல்ல வேண்டிய எண்களைத் தருவது. வள்ளத்தில் உள்ள எல்லோருக்கும் அந்தத் திரையைத் திறந்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கருவி வைத்திருப்பவரே கடலில் விழுந்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

கரை சேர்ந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து, யுஎஸ்பி ரப்பர் மூடி அழுத்தமாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பு முதலில் அரிப்பது பேட்டரிக் கம்பிகளைத்தான். நீண்ட நாள் கடலுக்குப் போகாதபோது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் ஒழுகிக் கெடுத்துவிடும். மாதம் ஒருமுறை பாயிண்டுகளைக் கணினிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கணினி இல்லையென்றால் நோட்டில் பெயர், எண், ஆழம், எந்த முறையில் எழுதியது என்பது வரை எழுதி வீட்டில் வையுங்கள்.