சின்ன பெட்ரோல் காருக்கு எஞ்சின் ஆயில்: டெல்டாவில் வழக்கமாகிப்போன தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர்ப் பட்டறையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “நம் ஊர் வெயிலுக்கு மெல்லிய ஆயில் தாங்காது. கொஞ்சம் கெட்டியாகவே ஊற்றிவிடலாம்.” சொல்பவர் பெரும்பாலும் அனுபவசாலிதான். தொண்ணூறுகளின் கார்பரேட்டர் வண்டிகளுக்கு 20டபிள்யூ-40 ஊற்றியே கை பழகியவர். (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரிலும், பின்னால் உள்ள எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும். எண் கூடினால் கெட்டியும் கூடும்.) அந்த வண்டிகளுக்கு அது சரி. இன்று வாசலில் நிற்கும் சின்ன காருக்கு அதே கணக்கைப் போடுவதுதான் முதல் தவறு. செலவு வைக்கும் தவறும் அதுவே.

ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குச் சித்திரையும் மார்கழியும் ஏறக்குறைய ஒன்றுதான். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை 90 டிகிரியை ஒட்டியே பிடித்து வைக்கின்றன. வெளியே 38 டிகிரியா 25 டிகிரியா என்பது உள்ளே ஓடும் ஆயிலுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை, பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் விடப்பட்டிருக்கும் இடைவெளியை வைத்து எஞ்சினைச் செய்தவர்கள் முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். இப்போது வரும் சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் பல 0டபிள்யூ-20 கேட்கின்றன. சில 0டபிள்யூ-16 கூடக் கேட்கின்றன. சற்று முந்தையவற்றில் 5டபிள்யூ-30 பரவலாக உண்டு. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு பல எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் அமைப்பு மந்தமாகும், மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பகுதிக்கு ஆயில் ஏறவும் தாமதமாகும்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர் நாட்டுக்காரர்களுக்கு, நமக்கெதற்கு என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணுக்கான சோதனை உறைநிலைக்குக் கீழேதான் நடக்கிறது, உண்மை. ஆனால் 5டபிள்யூ-30 ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மடங்கு கெட்டி. மயிலாடுதுறையின் விடியற்காலைச் சூட்டில் அதைவிடவும் கெட்டி. ஆகவே எஞ்சினைப் பொறுத்தவரை நம் ஊர்க் காலையும் குளிர்தான்.

காரோடு வந்த மேனுவலை எடுத்துப் பாருங்கள். பல மேனுவல்களில் வெளிச் சூட்டுக்கேற்ற ஆயில் அட்டவணை இருக்கும். முதல் பரிந்துரையும், அது கிடைக்காதபோது ஊற்றத் தக்கவையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டவணை 10டபிள்யூ-30க்கு இடம் கொடுத்தால் தாராளமாக ஊற்றலாம். அதில் இல்லாததை யார் சொன்னாலும் ஊற்ற வேண்டாம்.

அடுத்தது டெல்டாவுக்கே உரிய தவறு. கொட்டகையில் டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பெரிய கேனில் இருக்கும். காரில் அளவு குறைந்திருப்பது தெரிந்ததும் அதிலிருந்தே ஒரு செம்பு ஊற்றிவிடுவார்கள். டின்னில் ஏபிஐ (ஆயிலைத் தரம் பிரிக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் சுருக்கம்) என்ற எழுத்துகளுக்குப் பிறகு ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கானது. ‘சி’ என்று தொடங்கினால் டீசலுக்கானது. டீசல் ஆயிலில் பொதுவாகப் பாஸ்பரஸ் கூடுதல். எஞ்சினில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலோடு அது புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நாளடைவில் கெடுத்துவிடும். கன்வெர்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் நல்ல ஆயில் விலை ஒன்றுமேயில்லை. இரண்டு வகுப்புகளும் அச்சிட்ட டின்களும் கடையில் உண்டு. மேனுவல் கேட்கும் எஸ் வகுப்பும் கெட்டி அளவும் அதில் இருந்தால் தடையில்லை. எஸ் வகுப்புகளில் எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல் வந்தது. எஸ்என் கேட்கும் வண்டிக்கு எஸ்பி ஊற்றலாம், எஸ்பி கேட்கும் வண்டிக்கு எஸ்என் கூடாது. சின்ன டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பைக் ஆயிலைக் காருக்கும், கார் ஆயிலைப் பைக்குக்கும் மாற்றி ஊற்றுவதும் வேண்டாம். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே கிடக்கிறது. கார் ஆயில் பட்டால் வழுக்கும்.

“வருஷம் முழுக்க இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் ஆயில் மாற்றுவதா?” மகன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, கொட்டகையில் உறைபோட்டு நிற்கும் கார்கள் நம் பக்கத்தில் ஏராளம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுப்பார்கள். மற்ற நாளில் பேட்டரி இறங்காமலிருக்க ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பார்கள். எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதலானவை குறைவுதான். முழுச் சூடு ஏறாத எஞ்சினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. ஈரம் ஆவியாக வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் அது இந்த ஈரத்தின் வேலை. பல நிறுவனங்கள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அது என்கின்றன. நிற்கிற வண்டிக்கு வருடம்தான் முந்தும். ஐந்து நிமிட ஸ்டார்ட்டை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவருவது நல்லது. சிந்தெடிக் எனப்படும் செயற்கை ஆயிலை ஊற்றினால் இரண்டு வருடம் தாங்கும் என்பதும் தப்புக்கணக்கு. மேனுவல் சொல்லும் கெடு சிந்தெடிக்குக்கும் சேர்த்துத்தான்.

ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அழுக்கை எஞ்சினில் படியவிடாமல் தன்னோடு எடுத்துக்கொள்வது அதன் வேலை.

பட்டறையில் கவனிக்க வேண்டியது கை வேலை. ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதிய ஃபில்டரை முடுக்கினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகி, ஓட்டத்தில் ஆயில் முழுவதும் கொட்டிவிடலாம். பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள், மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்கிய டின்னையெல்லாம் காலி செய்ய வேண்டும் என்றும் இல்லை. சின்ன கார்களுக்கு மூன்று லிட்டரை ஒட்டியே பிடிக்கும். மீதத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அளவு மீறினால் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது. ஆற்றங்கரைச் சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தால் அளவு பொய் சொல்லும். சமதளத்தில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஒருமுறை துடைத்து மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். மேல்குறிக்கும் கீழ்குறிக்கும் நடுவில் இருந்தால் போதும்.

பில் தராத கடையில் மலிவாகக் கிடைக்கும் டின் வேண்டாம். மூடியின் முத்திரை உங்கள் கண்முன்னே உடையட்டும். காலி டின்னைத் துளைபோட்டுவிட்டுக் கொடுங்கள், அதில் போலி ஆயில் நிரப்ப முடியாது.

மழை வெள்ளத்தில் கார் மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். டிப்ஸ்டிக்கில் பால் விட்ட டீ நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. நிறம் மாறாவிட்டாலும் சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். அதோடு சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறையில் சேருங்கள். உள்ளே தண்ணீர் இல்லை என்று உறுதியான பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சற்று ஓடவிட்டு, நிறம் தெளியவில்லை என்றால் இன்னொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள்.