பாஸ்டன் படுகொலை: ஒரே படத்தை வைத்து ஒரு வகுப்பு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரட்சியை நடத்தும்போது நான் பாடப்புத்தகத்தில் தொடங்குவதில்லை. 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனின் கிங் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு 5 பேர் இறந்தார்கள். அதைப் பாஸ்டனில் வாழ்ந்த செதுக்குக் கலைஞர் பால் ரிவியர் சில வாரங்களுக்குள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார். அந்தப் படம் ஒன்றே ஒரு வகுப்புக்குப் போதும்.

முதல் படி: அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (Library of Congress) இணையதளத்தில் பால் ரிவியர் பெயரோடு தேடி, இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். கூகுளில் கண்ணில் படுகிற சின்னப் படம் வேண்டாம். படத்தில் உள்ள சுங்க அலுவலகத்தின் மேலே 'புட்சர்ஸ் ஹால்', அதாவது கசாப்புக் கூடம் என்று ரிவியர் எழுதியிருக்கிறார். சின்னப் படத்தில் அது மங்கிவிடும்.

இரண்டாம் படி: தலைப்பையும் கீழே உள்ள பாட்டையும் மறைத்துவிட்டு பிரிண்ட் எடுங்கள். முதல் தடவை நான் மறைக்கவில்லை. 'இரத்தப் படுகொலை' என்ற தலைப்பைப் படித்ததுமே பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் யாரும் படத்தைப் பார்க்கவே இல்லை. என்ன கேட்டாலும் 'சிப்பாய்கள் கெட்டவர்கள்' என்பதே பதில். அடுத்த வருடம் தலைப்பின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி நகல் எடுத்தேன். வகுப்பே மாறிவிட்டது. 'மிஸ், மேலே நிலா இருக்கிறது, ஆனால் எல்லாம் பகல் மாதிரி தெரிகிறதே' என்று ஒரு பெண் கேட்டாள். சிப்பாய்கள் ஏன் அணிவகுப்பு மாதிரி நேராக நிற்கிறார்கள் என்றான் இன்னொருவன். அன்று தரையில் பனி கிடந்தது, படத்தில் அது இல்லை என்பதை நான் பிறகுதான் சொன்னேன்.

திரையில் காட்டுவதைவிடக் காகிதமே எனக்குப் பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒரு தாள், ஒரு பென்சில். 'என்ன தெரிகிறது, என்ன தோன்றுகிறது, என்ன கேட்க வேண்டும்' என்று மூன்று பத்தி. முதல் பத்திக்கு மட்டும் 10 நிமிடம் விடுங்கள். வகுப்பு அமைதியானால் பயந்து பேசிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: அந்தச் சிப்பாய்களின் அதிகாரியான கேப்டன் தாமஸ் பிரெஸ்டனின் வாக்குமூலத்தில் அரைப் பக்கம் கொடுங்கள். படத்தில் அவர் சிப்பாய்களுக்குப் பின்னால் வாளை ஓங்கி நிற்கிறார். தான் துப்பாக்கி முனைகளுக்கு முன்னால் நின்றதாகவும், சுடச் சொல்லவில்லை என்றும் அவர் எழுதுகிறார். பிள்ளைகள் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஓர் ஆசிரியை, 'அப்படியானால் படம் பொய், பிரெஸ்டன் சொன்னதே உண்மை' என்று தன் வகுப்பு முடித்துவிட்டதாக எழுதியிருந்தார். சரியான சிக்கல். அதனால் இப்போது வாக்குமூலத்தோடு ஒரு கேள்வியையும் சேர்க்கிறேன்: இதை எழுதும்போது அவர் எங்கே இருந்தார்? சிறையில், கொலை வழக்கை எதிர்பார்த்து.

அப்புறம் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு மட்டும் நடந்ததைச் சொல்லுங்கள்: பிரெஸ்டனுக்காகவும் சிப்பாய்களுக்காகவும் வாதாடியவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். பிரெஸ்டனும் 6 சிப்பாய்களும் விடுதலை. 2 பேருக்குத் தண்டனையாகக் கட்டைவிரலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு.