மாதக் கடைசியிலும் கெட்டியான சாம்பார்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மளிகைச் சீட்டு எழுதும் முன் ரேஷன் கடைக்குப் போய்விடுவேன். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தப் புழுங்கலரிசியைக் குறை சொல்கிறவர்கள் ஒருமுறை இட்லிக்கு ஊறவைத்துப் பாருங்கள். நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். புதுமாவில் இட்லி, அடுத்து தோசை, நன்றாகப் புளித்ததும் வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம்.

சாம்பாருக்குப் பருப்பைப் பாதியாக்கி, ஒரு கீற்றுப் பரங்கிக்காயை அதோடு குழைய வேகவைத்து மசித்துவிடுங்கள். கெட்டித்தன்மை குறையாது. காய் இனிப்பதால் புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். புளி கரைக்க அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரே போதும்.

காய்க்கு உழவர் சந்தை. விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் பேசும் வேலை இல்லை. பீர்க்கங்காய் வாங்கினால் தோலைத் தயவுசெய்து எறியாதீர்கள்! முற்றின நரம்பை மட்டும் சீவிவிட்டு, பச்சைத் தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். அதே சட்டியில் உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் சிவந்ததும், புளி, உப்பு, ஒரு பிடி தேங்காய் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். காய் மதியக் கூட்டுக்கு. துவையல் இரவு தோசைக்கு.